பெயரில்லாத பட்டன்கள்

என் செல்லச் சிட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா, நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா என்றெல்லாம் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன் கேமரா கெட்டுவிட்டது, அதனால்தான் முகம் காட்ட முடியவில்லை என்று ஐந்து மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது என் கண்.

பதறாதே. முழுக்கப் படி, அழுதுதான் தீர வேண்டும் என்றால் கடைசியில் அழுதுகொள். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் வந்துவிட்டது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேராகப் பார்க்கிற இடம் மட்டும் இல்லை. உன் அப்பாவைப் பார்த்தால் காது இருக்கிறது, தோள் இருக்கிறது, மூக்கைக் காணோம். டாக்டர் ஊசி போட்டு மேற்கொண்டு பரவாமல் நிறுத்தி வைத்திருக்கிறார், போனது போனதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் மறுநாளே டிக்கெட் போட்டு வந்து நின்று, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பு எங்கூட என்று பெட்டியைக் கட்டியிருப்பாய். எனக்கு அதில்தான் பயம், கண்ணில்கூட அவ்வளவு இல்லை. இந்தக் கடிதத்தை முழுக்க நானே போனில் அடிக்கிறேன். விரலை எழுத்துகள் மேல் நகர்த்தினால் அது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லும், வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது விழும். நாலு நாளாக அடிக்கிறேன். அப்பா ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பிழை இருந்தால் அதுவும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் கம்ப்ளெயின்ட் மேஜை என்னுடையது, எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் நின்றாலும் முதலில் அடிப்பது என் போன், எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று பார்த்து அனுப்புவது நான், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கண் மங்கியபோதுகூட பெரிய நோட்டில் தடித்த பேனாவால் எழுதிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் எல்லாமே டேப்லெட்டில் என்று புதிதாக வந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, உங்க கண்ணுக்கு இது சரிப்படாது, ஸ்டோர்ல போய் ஹாயா உக்காந்துக்கங்க, ஒரு கஷ்டமும் இல்ல என்றார். அன்பாகத்தான் சொன்னார், எரிச்சலே அதில்தான். ஸ்டோரில் என்ன இருக்கிறது, நட்டும் போல்ட்டும் ஒரு நாற்காலியும். வருகிற போனை எடுக்க முடியாமல் அங்கே உட்கார்ந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்க்கவா, அதுவும் நடுவில் தெரியாத சுவரை. ஆறு வாரம் கொடுங்க, அதுக்குள்ள கத்துக்கலன்னா நானே ஸ்டோர் சாவிய வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லும்போது எனக்கு ஒரு எழவும் தெரியாது, வீறாப்பு மட்டும் இருந்தது.

கண் ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு பயிற்சி அறை. அங்கே சொல்லித் தருகிறவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை, என்னைவிடப் பத்து வயது சின்னவர், கண்டிப்பில் என்னைவிட இருபது வயது பெரியவர். போனில் ஒரு வசதியைப் போட்டுவிட்டால் விரல் பட்டதையெல்லாம் ஒரு பெண் குரல் படிக்கும். ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது, இரண்டு தட்டு தட்டினால் திறக்கும், மூன்று விரலால் மேலே தள்ளினால் பக்கம் நகரும், இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் வாயை மூடும். அந்தக் குரலுக்கு அப்பா வைத்த பெயர் வாயாடி. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா, எனக்கு முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. தள்ளுவதற்குப் பதிலாகத் தேய்ப்பேன், தட்டுவதற்குப் பதிலாக அமுக்குவேன், வாயாடி பாதி வார்த்தையில் நின்று நின்று திக்கும். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தூசி தட்டுற மாதிரி லேசா, சண்டைக்குப் போற மாதிரி இல்ல என்றார். இரண்டாவது வாரம் ஓரளவு வந்தது என்று நான் குஷியாக இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நீங்க கழுத்தத் திருப்பி ஓரக் கண்ணால பாத்து ஏமாத்தறீங்க, துணி உரசுற சத்தம் எனக்குக் கேக்குது என்றாரே பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. மூன்று விரலால் மூன்று தட்டு தட்டி என் போன் திரையையே இருட்டாக்கிவிட்டார். வாயாடி பேசும், விரல் வேலை செய்யும், ஆனால் திரை கன்னங்கரேலென்று இருக்கும். இனிமே கண்ணுக்கு லீவு, வெரலால கேளுங்க என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். மறுநாளிலிருந்து திரையை இருட்டாகவே வைத்துக்கொண்டேன்.

சிரிக்கவும் ஏகப்பட்ட சங்கதி நடந்தது. ஒருநாள் அப்பாவுக்குக் குரல் பதிவு அனுப்பிப் பழகினேன், எல்லாம் நறுக்கியாச்சு, போய்க் குளிச்சுட்டு வாங்க, வேட்டி கொடியில இருக்கு என்று. அது மெக்கானிக்குகள் பதினோரு பேர் இருக்கிற குரூப்புக்குப் போய்விட்டது. வரிசையாகப் பதில் வருகிறது, குளிச்சாச்சும்மா, குளிச்சாச்சும்மா என்று. நெட்டை என்று ஒருவர் இருக்கிறாரே, உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அவர் மட்டும், வேட்டிய காணோம்மா என்று அனுப்பினார். இன்னொரு நாள் அப்பா என் போனை எடுத்து, திரை இருட்டாக இருந்ததால் செத்துப்போய்விட்டது என்று நினைத்துத் துண்டால் துடைத்திருக்கிறார், அது மேனேஜருக்குக் கால் போட்டுவிட்டது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், வாயாடி பேசப் பேச, யாரும்மா நீ, எறங்கு மொதல்ல என்று அதட்டிக்கொண்டிருந்தாராம். மேனேஜர் மறுநாள் என்னிடம், வீட்ல ஏதும் பிரச்சனையாக்கா என்று கேட்டார்.

நாலாவது வாரம் ஆபீஸ் டேப்லெட்டிலும் வாயாடியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்கே ஒரு வம்பு. கம்ப்ளெயின்ட் எழுதும் புரோகிராமில் பட்டன் எதற்கும் பெயர் வைக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குப் படம் இருக்கிறது, வாயாடிக்குப் படம் புரியாது. நான் தள்ளத் தள்ள, பட்டன், பட்டன், பட்டன் என்றே சொல்லிக்கொண்டு போகிறாள். நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கேட்டு எண்ணி வைத்துக்கொண்டேன். ஒன்பதாவது பட்டன் அனுப்பு, பத்தாவது பட்டன் நாளைக்குத் தள்ளிவை. பத்து நாள் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்புறம் நடந்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஒரு காலையில் புரோகிராமைப் புதுப்பித்தார்களாம், நடுவில் இருந்த ஒரு பட்டனை எடுத்துவிட்டார்கள், யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்பதாவது என்பது தள்ளிவை ஆகிவிட்டது. ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் தரை துடைக்கிற அம்மா வாளியோடு லிப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்தார், இதோ ஆள் அனுப்பிவிட்டேன் என்று தைரியம் சொல்லி ஒன்பதாவது பட்டனைத் தட்டினேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுபடியும் அவரே, யாராச்சும் வராங்களாக்கா, மூச்சு முட்டுற மாதிரி இருக்கு என்கிறார். நான் அனுப்பியது போகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நெட்டைக்குப் போன் போட்டு ஓடச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவோடு பேச்சை விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன், பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள் என்று. கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன். மறுநாள் லீவு போட்டு அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், நீங்க பேசிட்டே இருந்தீங்க, அதுல பயம் போச்சு, ஆனா மொதல்ல யாருமே இல்லாம இருந்தேனே அத மறக்க முடியலக்கா என்றார். சரியாகத்தானே சொன்னார். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மேனேஜர் கேட்பதற்கு முன்னாலேயே ரிப்போர்ட்டில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஸ்டோர் சாவியை மேஜைமேல் வைத்தார். நான் எடுக்கவில்லை. எண்ணித்தான் அமுக்கணும்னு வெச்சா, எண்ணிக்க மாறினா யாரா இருந்தாலும் தப்பு பண்ணுவாங்க, பட்டன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வைக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறமும் நான் தப்பு பண்ணினா சாவிய குடுங்க என்றேன். புரோகிராம் எழுதிய கம்பெனிக்கு நானே போன் செய்தேன். ஆறு மாதம் ஆகும் என்றார்கள். தினமும் பத்து மணிக்குச் செய்தேன். எட்டாவது நாள், தொல்லை தாங்காமல், தலை நரைத்த ஒருவரை அனுப்பினார்கள். இதெல்லாம் சின்ன விஷயம்மா, பழகிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன், வாயாடியைப் போட்டேன், திரையை இருட்டாக்கினேன், நாலாவது மாடியில லிப்ட் நின்னுடுச்சு, உள்ள ஒரு அம்மா இருக்காங்க, மெக்கானிக்க அனுப்புங்க சார் என்றேன். மெக்கானிக்குகளும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பட்டன், பட்டன், பட்டன் என்று வாயாடி ஓதுகிறாள், அவர் எழுதிய புரோகிராமில் அவரே வழி தெரியாமல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஏழு நிமிடம் கழித்து எதையோ தட்டினார், கம்ப்ளெயின்ட்டே அழிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இத நான் ஒரு தடவகூட காதால கேட்டதில்லம்மா என்றார். நாலு நாளில் எல்லாப் பட்டனுக்கும் பெயர் வந்துவிட்டது. முதல்முறை வாயாடி அனுப்பு என்று சொன்னதும் நெட்டை என் மேஜையைத் தட்டித் தாளம் போட்டார்.

இப்போது மேஜை என்னுடையதுதான். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அனுப்பிய பிறகு மெக்கானிக்கிடம் வாயாலும் ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று. அதை நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன், அந்த அம்மா லிப்டில் இருந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு அது தகும். அடுத்து கம்ப்யூட்டர். அதில் விரல் தடவும் சதுரப் பலகையிலும் இதே தள்ளல்தான், இரண்டு விரல், மூன்று விரல் என்று டீச்சர் ஆரம்பித்திருக்கிறார். கற்றுக்கொள்ளாமல் விடப் போவதில்லை.

ஆகையால் சிட்டு, இப்போது டிக்கெட் போடாதே. குட்டிக்கு லீவு விடும்போது வா, விருந்தாளியாக வந்து பத்து நாள் இருந்து என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போ, என்னை அழைத்துப் போக வராதே. முடியாத நாள் வந்தால் நானே சொல்லுவேன், இனி மறைக்க மாட்டேன், இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறேன். உன் காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு பேசுவேன், அப்போதுதான் உன் முகம் எனக்குத் தெரியும், அம்மா வேறு யாரையோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கண்ணையும் இந்த மாதமே டாக்டரிடம் காட்டிவிடு, இது குடும்பத்தில் தொடர்ந்தும் வருமாம், நன்றாகத்தான் தெரிகிறது என்று சாக்குச் சொல்லாதே, எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று கேட்க வேண்டும். நேற்று நீ ஒன்று அனுப்பியிருந்தாய், விரலை வைத்தால் வாயாடி படம் என்கிறாள், அவ்வளவுதான். அப்பா பக்கத்திலேயே இருந்தார், கேட்டால் சொல்லியிருப்பார், குட்டி நல்லா இருக்கா என்று மூன்று வார்த்தையில் முடித்திருப்பார். நான் கேட்கவில்லை. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன். இனிமேல் படம் அனுப்பினால் கீழே நாலு வரி எழுது. குட்டி எங்கே நிற்கிறாள், என்ன உடுப்பு, தலை எப்படிக் கலைந்திருக்கிறது, பல் விழுந்த இடம் தெரிகிற மாதிரி சிரிக்கிறாளா, நீ பக்கத்தில் இருந்தால் உன் முகம் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுது. நேற்றையதிலிருந்தே ஆரம்பி.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உன் பதிலைக் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா