மூப்பரின் ஈரல்

ஏப்ரல் 4, திங்கள். திருப்பதி.

காலையிலேயே வெயில். ஆஸ்பத்திரி வராண்டாவில் இடம் பிடித்தாயிற்று. இவருக்கு நாளை குடல் இறக்க ஆபரேஷன். கொண்டுவந்தது: கூஜா, போர்வை, வேதாகமம். மறந்தது: சீப்பு. வராண்டா முழுக்க எல்லைப் பேச்சு. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சித்தூர்க்காரர்கள் நாம் ஆந்திராப் பக்கம்.

சித்தூரிலிருந்து போதகர் ஜெபிக்க வந்தார். அவர் நிற்கும்போதே டாக்டர் கேட்டார், குடிப்பழக்கம் உண்டா என்று. போதகரே முந்திக்கொண்டார். "எங்க சபை மூப்பருங்க. மதுவிலக்கு சங்கத்துக்கும் இவருதான் தலைவரு." இவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் அரிசிப் பானைக்குள் கை விடுவது யார்? அதற்குள் ஒளித்த சாராயப் புட்டியை மூடி வைப்பது நான்தானே.

மாலை. டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட்டேன். தெலுங்குக்காரர்.

"மஞ்சிதம்மா, நல்லதாப் போச்சு, இப்பவாவது சொன்னீங்க. தினம் குடிக்கிறவங்க ஈரல் சாராயத்தைக் கரைச்சிக் கரைச்சிப் பழகிக்கினு, நாம குடுக்கிற மயக்க மருந்தையும் சீக்கிரம் கரைச்சிடும்."

ஏப்ரல் 5.

முடிந்தது. பிழைத்தார். மயக்கம் லேசில் ஏறவில்லையாம். தெரிந்திருந்ததால் ஈதர் கூடுதலாகத் தயாராக வைத்திருந்தார்களாம். கிணற்றடியில் நின்று அழுதேன்.

தூக்க மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் எச்சரிக்கை: சாராயம் உள்ளே இருக்கும்போது கொடுத்தால் ஈரல் சாராயத்தைத்தான் கவனிக்கும், மாத்திரை அப்படியே உடம்பில் தங்கும், மூச்சே நின்றுவிடும்.

ஏப்ரல் 9.

தயிர் புளிப்பு. டாக்டர் நல்லெண்ணத்தில் போதகரிடமும் சொல்லிவைத்தார், வீட்டுக்குப் போனதும் சாராயம் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. போதகர் இவரைக் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பாவம், பயத்துல இன்னாவோ ஒளறிட்டா."

மூப்பர்மேல் அபாண்டம் சொன்னேனாம். ஈஸ்டருக்கு எனக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது என்றுவிட்டார் போதகர்.

ஏப்ரல் 17, ஈஸ்டர். சித்தூர்.

புழுக்கம். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாட்சி சொன்னார். கர்த்தர் காப்பாற்றினாராம். சுற்றி ஒரே ஸ்தோத்திரம். எல்லோரும் அப்பம் வாங்கப் போனார்கள். கடைசி பெஞ்சில் நான் மட்டும். இவ்வளவு கேவலம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

சாயங்காலம் அடுப்பங்கரைக்குள் போனேன். அரிசிப் பானை திறந்து கிடக்கிறது. புட்டி காலி. இவர் வாயில் அதே நாற்றம். தையல் வலிக்கிறது, தூக்க மாத்திரை கொடு என்கிறார். தர மாட்டேன் என்றேன். புருஷனைச் சாகடிக்கப் பார்க்கிறாள் என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறார். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள்.

மாத்திரை என் முந்தானையில் முடிந்திருக்கிறது. முனகுகிறார். முனகட்டும்.