முனியாண்டிக்கு இருபத்தொரு பாட்டில்

12.2.79, திங்கள்

வெயில். இலையெல்லாம் உதிர்ந்து ரப்பர் மரங்கள் எலும்பாக நிற்கின்றன. மழை பார்த்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது.

கடை முதலாளி, சீனத் தவுக்கே, புது வருசத்துக்குக் கொடுத்த டைரி. கோப்பிக் கடையில் கிளாஸ் கழுவுகிறவளுக்கு டைரி எதற்கு என்று பெட்டிக்கு அடியில் போட்டிருந்தேன். இன்று தேடி எடுத்தேன். வேண்டுதல் கணக்கில் நாள் தவறக் கூடாது.

நேற்றுக் கடையில் கா. பேசியது. (கா. = மண்டோர் காத்தமுத்து, தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிறவன். முழுப் பேரை எழுதினால் பேனா நாறும்.) "எங்க தோட்டத்துல ஒருத்தன் ரப்பர் பாலுல தண்ணி ஊத்துனான்லா. வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு, இப்ப ஆளே மண்ணுக்குள்ள." மேசையில் நாலு பேர் சிரிப்பு. நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் எச்சில் கிளாஸைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒருத்தன் என் புருஷன். தெரிந்துதான் சொன்னான்.

இன்று வேலை முடிந்து முனியாண்டி கோயில். பழைய தோட்டத்து எல்லையில், மரத்தடி. ஒரு பாட்டில் பீர், ஒரு சுருட்டு. வேண்டிய வார்த்தை, அப்படியே:

"அன்னைக்கு அந்தப் பாலுல தண்ணி ஊத்துன கை விளங்காம போகணும். இருபத்தொரு நாள் உனக்குப் படைக்கிறேன்."

பாதியைச் சாமிக்கு ஊற்றிவிட்டு மீதியைப் படைத்தவர் குடிக்க வேண்டும். முறை. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை. கசப்பு. துப்பப் போனேன், பூசாரி முறைத்தார். விழுங்கினேன்.

13.2, செவ்வாய்

கா. வந்தான். பால் இல்லாத கோப்பி ஓ, ரொட்டி. இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. ரொட்டியைப் பிய்த்து நனைத்து நனைத்துத் தின்கிறான்.

சாமிக்கு அந்தப் பீர் பிடிக்கவில்லையோ? பூசாரியிடம் கேட்டேன். "எது பிடிக்கும்னு யாரு கண்டா? மாத்தி மாத்தி வச்சுப் பாரு" என்றார். சரி. தினம் ஒரு பீர். வைத்ததை மறுபடி வைப்பதில்லை.

சுங்கை சிப்புட்டில் அத்தனை வகைக்கு எங்கே போவது? தம்பி செல்வத்திடம் சொன்னேன். லாரி ஓட்டுகிறான். இன்று ஈப்போ, நாளை லகாட், ஒரு நாள் விட்டு ஆயர் தாவார்.

"வேண்டுதலாக்கா? யாருக்கு?"

"மண்டோருக்கு."

சிரித்தான். "அவனுக்கு நல்லா வேணும். நான் கொண்டாரேன், நீ கவலப்படாத."

என் ரத்தம். கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தால் போதும்.

15.2, வியாழன்

நேற்று லேபிளில் சேவல் படம் போட்டது. புளித்த கஞ்சித் தண்ணி. இன்று கப்பல் படம், ஈப்போவில் வாங்கியது. கொஞ்சம் பரவாயில்லை. தொண்டையில் போகும்போது முள்ளாகக் குத்துகிறது, போன பிறகு நன்றாக இருக்கிறது.

கா.வுக்கு இன்று விளிம்பு உடைந்த கிளாஸில் கோப்பி. பார்த்துத் திருப்பி வைத்துக் குடித்தான். உதடு கிழியவில்லை.

அந்தத் தண்ணி விவகாரம் நடந்து ஆறு வருசம் ஆகிறது. யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். அன்று அவருக்குக் காய்ச்சல். போர்த்திப் படுத்திருந்தார். அவர் பேரில் தம்பிதான் மரம் சீவிப் பால் வெட்டினான், பால் வாளியை ஸ்டோருக்குச் சுமந்ததும் அவன். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி அளந்து பார்த்துவிட்டு, பாதி தண்ணி என்றார். வாளியை இறக்கி வைத்த இடத்தில் நின்றது கா. எங்களுக்குப் பால் வெட்ட விட்டிருந்த நிரை நல்ல மரங்கள். அது கா.வின் மருமகனுக்கு வேண்டும். பிறகு கிடைத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி?

தோட்டத்துத் துரை கூப்பிட்டுக் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. "ஊத்துனீங்களா?" என்று நானே கேட்டேன். "விடு சரசு" என்றார். மூன்றாம் நாள் லயத்தைக் காலி செய்தோம். பிறகு டவுனில் புல் வெட்டினார். இரண்டு வருசத்தில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அந்த "விடு சரசு" மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

16.2, வெள்ளி

மணிப் படம். நுரை மட்டும் ஜாஸ்தி. தம்பி பாட்டிலை இடது கையால் நீட்டினான். வலது கை விரல் லாரிக் கதவில் நசுங்கியதாம். மஞ்சள் பற்றுப் போடச் சொன்னேன். கவனமே கிடையாது இவனுக்கு.

17.2, சனி

கா. கழுத்தில் கட்டி! தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புகிறான். கேட்டது கை, கிடைத்தது கழுத்து. மணிப் பீருக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. இருந்தாலும் சந்தோஷம். கடையிலேயே சிரித்துவிட்டேன். தவுக்கே பார்த்துவிட்டு, "சரசு, ஹாரி-ஹாரி பீர், மாபோக்கா?" என்கிறான். தினம் பீர் அடித்துப் போதையா என்று கேட்கிறான். ஊர் பூராத் தெரிந்துவிட்டது.

18.2, ஞாயிறு

மூன்று நட்சத்திரம். இனிப்பு. சாமி வேலைக்கு ஆகாது, எனக்குப் பிடித்தது.

பூசாரி சொன்ன கதை. யாரோ ஒருத்தன் கறுப்பு பீர் பாட்டிலில் தேத்தண்ணியை நிரப்பிச் சாமிக்கு வைத்தானாம். வீடு போவதற்குள் வாய் கோணிக்கொண்டதாம். "முனியாண்டிய ஏமாத்தினா மத்த வேலையெல்லாம் விட்டுட்டு அவனத்தான் மொதல்ல பிடிக்கும்" என்றார். நடுவில் நிறுத்தினால்? "நிறுத்தக் கூடாதும்மா. சொன்ன நாள் பாக்கி இருந்தா வம்சத்துல போய் கேக்கும்."

எனக்கு ஏது வம்சம். தம்பி பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம், அதுதான்.

21.2, புதன்

இன்றைக்கு வைத்ததற்குப் படமே கிடையாது. ஆயர் தாவாரில் ஒரு சீனத்தி வீட்டிலேயே அரிசி ஊற வைத்துக் காய்ச்சுகிறாளாம். சோயா சாஸ் பாட்டில், வாயில் துணி அடைப்பு. தம்பி அதை மடியில் வைத்தே லாரி ஓட்டி வந்திருக்கிறான். வெள்ளை, கலங்கல், பலா மணம். இரண்டு மடக்கில் காது சூடாகிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து கா.வை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவன் தாத்தா வரைக்கும். பூசாரி காதைப் பொத்திக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இது வேலை செய்யும். உள்ளுக்குள் சொல்கிறது.

22.2, வியாழன்

கா.வின் கட்டி உடைந்துவிட்டது. தலையை ஜோராகத் திருப்புகிறான்.

தம்பி லாரி ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதி தண்ணீர் பீறிட்டு வலது கை புறங்கை பூரா வெந்துவிட்டது. அவன் பெண்டாட்டி வாழைக்குருத்து சுற்றிக் கட்டியிருக்கிறாள். அந்தக் கையோடும் பாட்டில் கொண்டு வந்தான், பச்சைப் பாட்டில், வெளிநாட்டுச் சரக்கு, லகாட்டில் யாரோ வைத்திருந்தது. மருந்து வாடை. திட்டி அனுப்பினேன்.

24.2, சனி

குதிரைத் தலை. அலுத்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை. கா.வுக்கு எதுவும் ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

26.2, திங்கள்

டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி தம்பி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. ஓட்ட முடியாது. முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார்.

எல்லாம் அதே கை. கா. செய்வினை வைத்துவிட்டானோ என்று சந்தேகம். இன்றைக்குப் பாட்டிலைச் சாமி முன் ஓங்கி வைத்தேன். "சீக்கிரம் முடி" என்றேன்.

28.2, புதன். நாள் 17

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

தம்பி அறைக்கு வந்தான். பாட்டில் இல்லை. உட்காரவில்லை.

"அக்கா, வேண்டுதல எப்படி வச்ச? பேர் சொன்னியா?"

"அந்தப் பேர என் வாயால சாமிகிட்ட சொல்லுவேனா? பாலுல தண்ணி ஊத்துன கை விளங்காம போகணும்னேன்."

மாவுக்கட்டைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தாங்கா. வாய்க்கால் பலகையில சறுக்கி வாளி கவுந்துருச்சு, பாதி பால் போயிருச்சு. மச்சான் திட்டுவாருன்னு வாய்க்கால் தண்ணிய மொண்டு ஊத்திட்டேன். அளந்து பாப்பாங்கன்னு தோணல அன்னைக்கு."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். துரைகிட்ட நானே போறேன்னேன். வேணாம்னாரு. போலீசு அது இதுன்னு போவும், உங்கக்காவுக்கு நீ ஒருத்தன்தான், அவகிட்ட மூச்சு விடாதன்னாரு."

விடு சரசு.

அறைந்தேன். எத்தனை என்று தெரியாது. கட்டுப் போட்ட கையை மறைக்காமல் காட்டிக்கொண்டே இருந்தான். ஆறு வருசம் என் கையால் சோறு தின்றிருக்கிறான். கருமாதிக்கு மொட்டை போட்டிருக்கிறான். கா.வை நான் சபிக்கும்போதெல்லாம் சேர்ந்து தலையாட்டியிருக்கிறான். பாட்டில் வேறு கொண்டு வந்திருக்கிறான், தன் கைக்குத் தானே.

சாயந்திரம் கடையிலிருந்த சாதாரண பீரை எடுத்துப் போய் வைத்தேன். வைக்காமல் விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு. வைத்தால் இவனுக்கு.

1.3, வியாழன்

தம்பியைக் கழுத்தைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்தேன். கா.வின் மேசை. அதே நாலு பேர்.

"சொல்லு."

சொன்னான். கா. கோப்பியைக் கீழே வைத்தான். "வாளி யாரு சுமந்தான்னு எனக்குத் தெரியாதா? உன் புருசன் காய்ச்சலோட எழும்பி ஸ்டோருக்கு வந்து என்கிட்ட நான்தான் ஊத்துனேன்னு நின்னான். நான் என்னா செய்ய?"

"அப்ப எதுக்கு சிரிச்ச?"

நாலு பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாளைக்கும் அவனுக்கு உடைந்த கிளாஸ்தான். தண்ணீர் ஊற்றாதவன் என்பதால் நல்லவன் ஆகிவிட மாட்டான்.

2.3, வெள்ளி

பூசாரியிடம், வேண்டிய வார்த்தையை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "சாமி என்னா கோர்ட்டா, பெட்டிஷன மாத்திக் குடுக்க?"

கையெழுத்துப் போட்டு முடித்த மாதிரி இருக்கிறது. படையல் ஆயிற்று. குடித்தேன். என்ன பீர் என்று பார்க்கவில்லை.

ஒரு நேரம், போகட்டும் அந்தக் கை என்று தோன்றியது. என் புருஷன் உயிருக்கு ஒரு கை, என்ன தப்பு? இதையும் எழுதி வைக்கிறேன். பொய் எழுத இந்த டைரி இல்லை.

3.3, சனி

தம்பி பெண்டாட்டி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து. அழவில்லை. "அண்ணி, டாக்டரு விரல் அசையலன்னு சொல்றாரு. அசைச்சுப் பாருன்றாரு, அவரால முடியல." அவளுக்கு வேண்டுதல் பற்றி ஒன்றும் தெரியாது. மோர் கொடுத்து அனுப்பினேன்.

இருபதாவது பாட்டில். கடைசிக்கு இன்னும் ஒன்று.

கிளாஸ் கழுவும்போது பூசாரியின் தேத்தண்ணிக் கதை நினைவுக்கு வந்தது: ஏமாற்றினவனைத்தான் முதலில் பிடிக்கும். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் போல. தவுக்கே குழாயை மூடிவிட்டுப் போனான்.

4.3, ஞாயிறு. நாள் 21

மேகம் கூடியிருக்கிறது. பெய்யவில்லை.

கறுப்பு பீர், பெரிய பாட்டில். இருப்பதில் நல்லது. தம்பியை வரச் சொன்னேன். கோயில் பக்கத்து வாய்க்காலில் அவன் கண் எதிரே பீர் முழுவதையும் கவிழ்த்தேன். காலிப் பாட்டிலை அதே வாய்க்காலில் அமுக்கினேன். குளுக் குளுக் என்று நிரம்பியது. வலது கையால், மணிக்கட்டு வரை நனைய.

"அக்கா, என்னா செய்யிற? வேணாம்கா."

"நீ பேசாத. உன்ன நான் மன்னிக்கல. சாவுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். இது அந்த மனுசன் உன்ன காப்பாத்தினதுக்கு. அவர் செஞ்சத நான் வீணாக்க முடியாது."

பூசாரி இல்லை. நல்லது. தண்ணீரைச் சாமி முன் ஊற்றினேன். பீர் நிறம் இல்லை, நுரை இல்லை, எல்லாம் சாமிக்குத் தெரியட்டும் என்று மெதுவாக ஊற்றினேன். "பாத்துக்க. தண்ணி ஊத்துன கை இதுதான்" என்று நீட்டிக் காட்டினேன். மீதியை முறைப்படி குடித்தேன். வாய்க்கால் வாடை.

வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. நாளைக்கு உடைந்த கிளாஸ் எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தை மட்டும் இடது கையால் எழுதிப் பார்க்கிறேன். எழுத்து கோணல். பழகிக்கொள்ள வேண்டும்.