அறுபத்தொரு கட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார்தான். கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்பாள். எழுதியிருப்பதைப் படித்தால் என்ன சொல்வாளோ.

போன ஞாயிறு, ஆலயத்தில் எங்களுக்கு வகுப்பு எடுக்கும் அக்கா எங்கள் வாசிப்பு அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். போன மார்ச்சில் கொடுத்த அட்டை. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். வேதாகமத்தில் அன்றைய பகுதியை வாசித்தால் ஒரு டிக். ஞாயிறு வகுப்பில் இருபது பேர். ஒரு கட்டம்கூடக் காலியில்லாத அட்டை என்னுடையது மட்டும்தான்.

அதில் அறுபத்தொன்று பொய்.

கோத்திரங்களும் பெயர்களுமாக வரும் இடத்தில் சலித்துப்போய் நிறுத்தினேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அத்தனை கட்டத்தையும் நிரப்பினேன். நீலப் பேனா, கறுப்புப் பேனா, நடுநடுவே பென்சில். காய்ச்சலில் போட்டதுபோல் கோணலாக ஒன்று. அந்தக் கோணல் டிக்கைப் போடும்போது சிரித்தேன்.

அதற்கப்புறம் உள்ளதை உண்மையாகவே வாசித்தேன். ஆனால் அது எந்தக் கணக்கில் வரும்?

மார்ச் 6, வியாழன்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உயிரே போய்விட்டது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். கதவிடுக்குல பாத்தா உன் போர்வைக்குள்ள வெளிச்சம். தினமும் இருக்கு."

வாயில் நுரை.

"படி பாப்பா. உங்கம்மாகிட்டகூட நான் சொல்லல. வேதத்த யாருக்கும் காட்டாம படிக்கிற பாரு, அதான் நெஜம். மத்ததெல்லாம் வேஷம்."

அப்பா இது நோட்டு, அப்பா இது வேதமில்ல — சொல்லியிருக்கலாம். துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார்.

அப்பா ஏன் அப்படிப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். முன்பு வேலை பார்த்தது எங்கள் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பரின் கடையில். மூப்பர் ஒரு கம்ப்ரசரைத் தப்பாக மாட்டி எரித்துவிட்டார். வாடிக்கையாளர் சத்தம் போட்டதும், செய்தது அப்பா என்று கை காட்டினார். முந்தின நாள்தான் ஆலயத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்து "சகோதரா" என்றாராம். அன்றிலிருந்து அப்பா ஆலயத்துக்கு வருவதில்லை. ஏழு வருஷம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா சபையில் அறிவித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு நான் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். தினமும் வாசித்தது என்னை எப்படி மாற்றியது என்று.

மத்தியானம் அம்மா பெருமையாகச் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நானும் வரேன்" என்றார்.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கிண்டல் பண்ணாத. அந்தப் பெரிய மனுஷனப் பாக்க வரல. எம் பொண்ணப் பாக்க வரேன்."



மார்ச் 10, திங்கள்

அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். ஐயோ.

மார்ச் 12, புதன்

பள்ளி விட்டதும் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"ஏழு வருஷம் கழிச்சு உங்கப்பா வரார். இப்பப் போயி இதச் சொன்னா? ஞாயித்துக்கிழமை போகட்டும்டா. அப்புறம் தனியா ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஒரு ஆத்துமாவ நெனச்சுப் பாரு."

அவள் கெட்டவள் இல்லை. அம்மாவோடு சேர்ந்து அப்பாவுக்காக எத்தனை வருஷமாக ஜெபம் செய்கிறாள். வழியெல்லாம் நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்காகத்தான், அப்பாவுக்காகத்தான்.

ஆனால் மூப்பரும் அன்றைக்கு தனக்கு ஏதோ ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார் இல்லையா?

மார்ச் 14, வெள்ளி

"அப்பா."
"என்ன பாப்பா?"
"ஒண்ணுமில்ல."
இன்று மூன்று தடவை இதே.

மார்ச் 15, சனி

சொல்லிட்டேன்.

அப்பா பின்பக்கம் ஒரு ஃபிரிட்ஜுக்குக் கதவு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். "இந்த முனைய அழுத்திப் பிடி" என்றார். பிடித்துக்கொண்டே சொன்னேன். ரப்பரைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

"எத்தன நாளு?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப அந்த வெளிச்சம்?"

"நோட்டு எழுதறேன்பா. சும்மா. எனக்கு."

ரப்பரின் மூலையைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். "யாராவது கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன ஏன் சொல்ற?"

"நீங்க நாளைக்கு வரீங்க. நான் அங்க நின்னு பொய் சொல்லுவேன். நீங்க அத நம்புவீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவர் வந்தபோது வாசல் கதவுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆண்டவரே, நான் கெடுத்துட்டேனா? சரியானதச் செஞ்சா நல்லா இருக்கும்னு சொல்வாங்களே. நல்லாவே இல்ல.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா வரவில்லை.

ஆராதனைக்கு முன்பே போதகரிடம் அட்டையைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போய் அம்மா பக்கத்துல உக்காரும்மா" என்றார். சாட்சி இல்லை என்று மட்டும் அறிவித்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் காலையில்தான் சொன்னேன். திரும்பி வரும்போது பாதித் தூரம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்டி."

"பயமா இருந்துச்சும்மா. நீ பாடிக்கிட்டு இருந்த."

அம்மா நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பயப்படாமல் எழுதுகிறேன்.

சாப்பிட்ட பிறகு அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"ஏழு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் பாப்பா. அந்த மனுஷன் ஒரு நாளு வந்து, 'தப்பா மாட்டினது நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு. வேற எதுவும் வேணாம். அந்த ஒரு வார்த்தை." கதவின் சட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "நீ சொல்லிட்ட."

"லேட்டாதான்பா சொன்னேன்."

"சொன்னியா இல்லையா?"

பிறகு கேட்டார்: "எந்த எடத்துல விட்ட?"

"பேருங்க வர்ற எடத்துல."

"எடுத்துட்டு வா."

கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். இன்னாருக்கு இன்னார் மகன், இன்னாருக்கு இன்னார் மகன். அரைப் பக்கம் தாண்டியதும் அப்பா நிறுத்தினார்.

"யாரு இவங்கெல்லாம்?"

"தெரியாதுப்பா."

"வகுப்புல சொல்லித் தரலியா?"

"இந்தப் பக்கம் வந்தா அக்காவும் தாண்டிடுவாங்க."

அப்பா சிரித்தார். சத்தமாக. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

அப்பா ஆலயத்து வாசல்வரை வந்தார். முன் வரிசையில் மூப்பரின் தலை தெரிந்தது. "இன்னைக்கு முடியல பாப்பா" என்று சொல்லித் திரும்பிவிட்டார். அம்மாவும் நானும் உள்ளே போனோம்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். எதையோ சொல்ல வந்து, என் தலைமுடியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மார்ச் 27, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள், "அப்பனும் மகளும் நேத்து எதுவரைக்கும் வாசிச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், "வாசிக்கல. ரெண்டு பேரும் தூங்கிட்டோம்."