கம்பெனி திருடாத தையல் மெஷின்

பெரியண்ணே,

தேயிலைத் தோட்டத்துக்கெல்லாம் சங்கத் தலைவராக இருந்தீர்கள். எனக்கு மட்டும் கடைசிவரை எதிர்க்கட்சியாகவே இருந்தீர்கள். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. நம்முடைய பழைய சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்கள். இந்த வருஷம் அதை நான் தனியாக முடிக்கவேண்டி வந்தது.

கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் லெட்சுமியின் தையல் மெஷின் களவு போனது. புருஷன் இறந்து, முழங்கால் வலியால் தோட்டத்து வேலையிலிருந்தும் நின்ற பிறகு, ஜாக்கெட் தைத்துத்தான் அவள் அடுப்பு எரிகிறது. அவள் நூல் வாங்க பலாங்கொடை டவுனுக்குப் போயிருந்த பகலில், மற்றவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, யாரோ பின்கதவுப் பலகையைப் பெயர்த்திருக்கிறார்கள். யாரோ என்ன, எல்லாருக்கும் தெரியும். கொழும்புப் போன் கடையில் வேலை போய்த் திரும்பி வந்த சுரேஷ்தான். சாக்கு மூட்டையோடு அவன் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதைய தலைவர் நீங்கள் செய்ததையே செய்யப் பார்த்தார். மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றவேண்டும், சுரேஷ் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், அத்தோடு விஷயம் முடிந்தது, பொலிஸ் வேண்டாம். லெட்சுமியின் பக்கத்து வீட்டு ராசாத்தியின் கேஸ் சிலிண்டர் போனபோதும் அவன் இதே சத்தியத்தைச் செய்தவன்தான்.

"அவன் அணைச்ச சூடத்துப் புகையில ஆத்தாவுக்கே இருமல் வந்திருக்கும்" என்றாள் ராசாத்தி.

லெட்சுமி சிரிக்கவில்லை. "எனக்கு சத்தியம் வேணாங்க. மெசினு வேணும்."

மறுபக்கம் இளவட்டங்கள் அவனைத் தூணில் கட்டி அடிக்கத் தயாராக நின்றார்கள். சத்தியம் அல்லது அடி. மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக யாருமே நினைக்கவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "திருடன்னா மொதல்ல கம்பெனிக்காரன புடி. நம்ம பயலுகள பொலிசுக்குக் காட்டிக்குடுக்கவா சங்கம் வச்சோம்?" பக்கத்துக் கிராமத்தில் ஒரு வாழைக்குலை காணாமல் போனாலும் பொலிஸ் ஜீப் நேரே லயத்துக்கு வந்த காலத்தைப் பார்த்தவர் நீங்கள். செய்யாத களவுக்கு அடி வாங்கியவர். அந்தக் கோபத்தை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

யூனிவர்சிட்டி கெம்பசில் சமூகவியல் படித்துவிட்டு நம் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்து, குற்றவியலில் இடதுசாரி யதார்த்தவாதம் என்று ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது எப்படிச் சிரித்தீர்கள். "இடதுசாரி சரி தங்கச்சி. யதார்த்தவாதம்னா, பொலிசுக்குப் போறதுக்குப் படிச்சவங்க வச்ச பேரா?"

அது அவ்வளவு சிக்கலான விஷயம் இல்லை அண்ணே. தோட்டக் கம்பெனி நம் கூலியில் கைவைப்பதும் குற்றம்தான். அதற்காக லயத்துக்குள் நடப்பதைக் குற்றமில்லை என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் காவலாளி உண்டு. லெட்சுமியின் கதவுக்குக் கொக்கி மட்டும்தான். அதனால் ஏழையின் பொருளை எடுப்பவன் பெரும்பாலும் இன்னொரு ஏழை. இல்லாமை மட்டும் அவனைத் திருடவைப்பதில்லை. மற்றவனுக்குக் கிடைத்தது தனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்ற புழுக்கமும் சேர்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன் அடுக்கி விற்ற கை சுரேஷின் கை. அவனையும் பார்க்கவேண்டும், இழந்தவளையும் பார்க்கவேண்டும், சுற்றியிருக்கும் நம்மையும் பொலிசையும் பார்க்கவேண்டும். நாம் ஒதுங்கி நின்றால் பொலிஸ் நமக்கு என்றைக்குமே பதில் சொல்லாது.

லெட்சுமியின் மெஷினைக் கம்பெனி எடுக்கவில்லை, அண்ணே.

ஆகவே பொலிசுக்குப் போனோம். லெட்சுமி, ராசாத்தி, இன்னும் சில பெண்கள், நான். "மிஸ், இது லயத்துச் சண்டைதானே. தலைவர்கிட்ட சொல்லி முடிங்க" என்றார் சார்ஜன்ட், சிங்களத்தில்.

"டவுனில் ஒரு முதலாளி கடையில் மெஷின் போனாலும் இதையேதான் சொல்வீங்களா மாத்தயா?" என்று நானும் சிங்களத்திலேயே கேட்டேன்.

அவர் புகார்ப் புத்தகத்தை இழுத்தார். பிறகு முறைப்பாட்டை எழுதச் சொன்னார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினால்தான் லெட்சுமி கையெழுத்து வைப்பாள் என்றேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள்.

"அவன அடிக்கக் கூடாதுன்னும் சொல்லுங்க டீச்சர்" என்றாள் லெட்சுமி. நான் சிங்களத்தில் சொன்னேன்.

"களவாணிக்குச் சோறும் போடணுமா?" என்றார் சார்ஜன்ட்.

"ரொட்டி நாங்க கொண்டாறோம். நீங்க கைய வைக்காம இருந்தா போதும்" என்றாள் ராசாத்தி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுரேஷைக் கூட்டிவந்து வாக்குமூலம் எடுத்து முடியும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை.

அவன் சொன்ன ஒரு பழைய இரும்புக் கடையில் மெஷின் கிடைத்தது. அந்தக் கடைக்காரரையும் விசாரிக்க வைத்தோம். வாங்க ஆள் இருப்பதால்தானே எடுக்கவும் ஆள் வருகிறது. கோர்ட்டில் கேட்டு மெஷினை மீட்டு, உடைந்திருந்த சக்கரத்தை மாற்றி, லெட்சுமி மறுபடி தைக்கிறாள். பொலிஸ் மாதம் ஒருமுறை வந்து எங்கள் முறைப்பாடுகளைக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஒருமுறை வந்தார்கள். வராத மாதம் நாங்கள் போவோம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். சுரேஷின் அம்மா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் எனக்குக் கேட்கும்படி சொல்கிறாள்: "பழைய தலைவரு இருந்திருந்தா எம்புள்ள கோர்ட்டு வாசல மிதிச்சிருக்குமா?"

மிதித்திருக்க மாட்டான். இன்னொரு கதவைப் பெயர்த்திருப்பான். ஒருநாள் இளவட்டங்களின் கையில் சிக்கியிருப்பான். அவன் இன்று பிணையில் வந்து முழு உடம்போடு நடமாடுவது நாங்கள் போனதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

வழக்கு மறுபடி கூப்பிடப்படும் நாளில் நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். அவனை மறியலுக்கு அனுப்பிக் கம்பிக்குள் போடாமல், செய்த சேதத்தை உழைத்துத் தீர்க்க விடச் சொல்லிக் கேட்கப்போகிறோம். லெட்சுமியே அதைச் சொல்லச் சம்மதித்திருக்கிறாள். கோர்ட்டுச் சிங்களம் அவன் அம்மாவுக்குப் புரியாது. தன் மகனைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். போகும்போதே பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எழும்பிப் போகமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
சாந்தி