வாட்ச்மேனைத் தூங்க வைக்கும் நாள்

பாச்சை உருண்டை வாசனை வந்தால் மற்றவர்களுக்கு அலமாரியும் பட்டுப்புடவையும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு நீ வருகிறாய். கூடவே எரிச்சலும் வருகிறது. இன்று காலை சாரம் பகுதியில், பிலோமினா அக்காவின் எம்பிராய்டரி கூடத்தில், உன் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த நீலத் துணி உறையை எடுத்தேன். கரப்பான் ஏறக்கூடாதென்று அதன் நான்கு மூலையிலும் நீ முடிந்து வைத்த உருண்டைகள் கரைந்து கடுகளவாகியிருந்தன. பெட்டி சூடானதும் பழைய தூசியும் அதுவும் கலந்த அந்த நெடி எழுந்தது. நான் நான்கு முறை தும்மினேன்.

உன் கம்ப்யூட்டர் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கியது அக்கா என்பதை நீ என்றைக்குமே ஒத்துக்கொண்டதில்லை.

முந்தாநாள் அக்கா போன் பண்ணினாள். புது வருஷம் பிறந்து, பூசை பார்த்துவிட்டு வந்து, மறுநாள் வேலையைத் தொடங்கலாமென்று பெட்டியைப் போட்டிருக்கிறாள். "லைசென்ஸ் முடிஞ்சிடிச்சின்னு எழுதி வருதும்மா. டிசைன் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. தவக்காலத்துக்கு சாமியாருங்க போடற ஊதா பூசை உடுப்பு அம்புட்டும் நம்மகிட்டதான் சொல்லியிருக்காங்க. ஆறு பொம்பளைங்க கையக் கட்டிக்கினு உக்காந்திருக்காளுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு வருஷமும் அது வந்து இன்னாமோ பண்ணும், சரியாப்பூடும்" என்றாள். அது என்றால் நீ.

எனக்குத் தெரியும். அது என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியாமலா? அதற்காகத்தானே நம் இருவருக்கும் இத்தனை வருஷம் சண்டை.

பாலிடெக்னிக்கை முடித்துவிட்டு நாம் கடை போட்டபோது, அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்சி கிடைத்தது என்று நீ குதித்த குதி எனக்கு மறக்கவில்லை. நியாயமான குதிதான். மற்ற கம்ப்யூட்டர்கள் பச்சை எழுத்தைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாமல் விழித்த காலம் அது. அந்தக் கம்பெனியின் பெட்டி ஒரு ரோஜாப்பூவைத் திரையில் வரைந்து, அதைச் சுற்றிக் காட்டியது. டை கட்டிக்கொண்டு அவர்கள் நடத்திய காட்சிக்கு உழவர்கரை முதலாளிகளெல்லாம் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒரு பெட்டியின் விலைக்கு இதே சாரத்தில் ஒரு வீடு வாங்கலாம். வாங்கினார்கள். ஏற்றுமதி ஆடைக் கம்பெனி வாங்கியது, செருப்புக் கம்பெனி வாங்கியது, வரைபடம் போடுகிறவர்கள் வாங்கினார்கள். மும்பைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, கம்பெனியின் சின்னம் போட்ட பையோடு நீ ரயிலை விட்டு இறங்கினாய். அந்தப் பையைக் கோயிலுக்குக்கூட எடுத்துக்கொண்டு போனாய். ஜெபப் புத்தகம் வைக்க வசதியாக இருக்கிறதாம்.

நான் அந்த நாளிலேயே சொன்னேன், சாதாரண கம்ப்யூட்டரும் கொஞ்சம் விற்போமென்று. "மளிகைக் கடைப் பொட்டி" என்று முகத்தைச் சுளித்தாய். "அதுல கணக்கு எழுதலாம்டி. வேலை செய்ய முடியாது." அந்த மளிகைக் கடைப் பெட்டி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. முதலில் ரோஜாப்பூ வரைந்தது. பிறகு சுற்றிக் காட்டியது. விலையோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உன் கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மூக்கைத் தூக்கிக்கொண்டு, இன்னும் விலை கூடிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னைப் போல நாலு பேர் ஊருக்கு ஊர் கைதட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் புத்தி வரும்?

பிறகு கம்பெனியை இன்னொருவன் வாங்கினான். அவனை வேறொருவன் வாங்கினான். ஒவ்வொரு முறையும் பெயர் மாறியது, நீ மட்டும் பழைய பெயரையே சொன்னாய். சென்னை ஆபீசை மூடினார்கள். மும்பை நம்பருக்கு நீ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் ஒருநாள் எடுத்த ஆள், தாங்கள் குளியலறை டைல்ஸ் விற்பவர்கள் என்று இந்தியில் சொன்னான். அன்று நான் சிரித்தேன். நீ சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

அந்தக் கம்பெனி போனது எனக்குப் பெரிதில்லை, போகும்போது பூட்டிவிட்டுப் போனதுதான் ஆத்திரம். அவர்கள் சாஃப்ட்வேர் வருஷா வருஷம் லைசென்ஸ் கேட்கும். கடைசியாகக் கொடுத்த லைசென்ஸ் டிசம்பரோடு முடிந்தது, அடுத்ததைக் கொடுக்க ஆளில்லை. நல்லபடியாக ஓடுகிற இயந்திரங்கள் ஜனவரி பிறந்ததும் செத்த மாதிரி நின்றன. வாடிக்கையாளர்கள் நம் கடை வாசலில் வந்து கத்தினார்கள். நான் அத்தனை பேரையும் மளிகைக் கடைப் பெட்டிக்கு மாற்றிவிடலாமென்று விலைப்பட்டியல் போட உட்கார்ந்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாய்.

போய் என்ன செய்தாய்? கடிகாரத்தைத் திருப்பி வைத்தாய். அவ்வளவுதான். போன வருஷத்து ஜனவரிதான் இப்போது நடக்கிறது என்று பெட்டியை நம்ப வைத்தாய். அந்த வருஷம் முடிந்ததும் மறுபடி போய் அதே ஜனவரிக்குத் திருப்பினாய். இப்படியே, ஊரெல்லாம் வயசாகிக்கொண்டு போக, உன் பெட்டிகள் மட்டும் ஒரே வருஷத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்தன. அக்காவின் கூடத்தில் அந்த வருஷத்துக் காலண்டர் இன்னமும் தொங்குகிறது. வேலைச் சீட்டில் பெட்டி அடிக்கிற தேதி எந்தக் கிழமை என்று பார்க்க அது வேண்டுமாம்.

"இது திருட்டுத்தனம் இல்லையாடி?" என்று கேட்டேன்.

"யார்கிட்டேர்ந்து திருடறேன்? அவங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு காட்டு. போயி மன்னிப்பு கேட்டுட்டு வரேன்" என்றாய். கொஞ்சம் யோசித்து, "பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியாருக்குப் புரியல" என்றாய்.

வருஷப் பிறப்புக்கு மறுநாள் நீ ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாய். போகிற இடத்திலிருந்து எனக்குப் போன். நான் கடையில் ஆள்களைச் சமாளித்துக்கொண்டு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டிருப்பேன். நீ ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லித்தான் செய்வாய், அதுவும் ஜெபமாலை சொல்கிற ராகத்தில். லைசென்ஸைக் காவல் காக்கிற புரோகிராமுக்கு நீ வைத்த பெயர் வாட்ச்மேன். "மொதல்ல வாட்ச்மேனைத் தூங்க வெக்கறேன்... அப்புறம் கடிகாரத்தைத் திருப்பறேன்..." நான் நடுநடுவே "ம்" போட வேண்டும். போடாவிட்டால் "ஏய், இருக்கியா?" என்பாய். "என்கிட்ட எதுக்குடி இதெல்லாம் சொல்ற? நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். "சும்மா கேளு" என்பாய். முடிந்ததும், "முடிஞ்சிடிச்சி, வை" என்று சொல்லிவிட்டு நீயே டக்கென்று வைத்துவிடுவாய். வேலை முடிந்தால் மனுஷி எதற்கு?

ஒவ்வொன்றாகப் பெட்டிகள் போயின. ஏற்றுமதி ஆடைக் கம்பெனியை மூடியபோது அவர்களுடைய பெட்டி காயலான் கடைக்குப் போகவிருந்தது. அங்கே வேலை பார்த்து நின்றுபோன பிலோமினா அக்காவைப் பிடித்து, அதையும் தையல் இயந்திரத்தையும் சேர்த்து வாங்க வைத்தது நீதான். எம்பிராய்டரிக்குக் கான்வென்டில் பிரெஞ்சு சிஸ்டர் சொல்லிக்கொடுத்த 'ப்ரொதெரி' என்ற சொல்லை அக்கா இன்றும் விடவில்லை. கையால் போட்ட கொடியையும் கோதுமைக் கதிரையும் சிலுவையையும் வருஷக்கணக்கில் அந்தப் பெட்டிக்குள் ஏற்றினாள். அத்தனையும் அந்தக் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. வேறெந்தப் பெட்டியும் அதைப் படிக்காது.

போன வருஷம் நான் பொறுக்காமல் அக்காவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் போடுகிற எம்பிராய்டரி சாஃப்ட்வேருக்கு மாசா மாசம் வாடகை கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அதுவும் நின்றுவிடும். இன்டர்நெட்டில் போய்த் தேதியைப் பார்த்துக்கொள்ளுமாம், கடிகாரத்தைத் திருப்பினாலும் ஏமாறாதாம். அதைக் கேட்டு நீ இருமல் வரும்வரை சிரித்தாய். "இவனோட வாட்ச்மேன் நம்ம ஊர்லயே இல்லடி. எங்க போயித் தூங்க வெப்ப?" என்றாய். உன்னோடு வாதாடி நான் தோற்ற இடம் அது ஒன்றுதான், அதையும் நீ இருமலில் கெடுத்தாய். அந்த இருமலை அன்றே டாக்டரிடம் காட்டியிருக்கலாம். சொன்னால் கேட்கிற பிறவியா நீ?

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வார்டில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது என்னிடம் நீ கேட்ட கேள்வி: "ஜனவரிக்குள்ள அனுப்பிடுவாங்களா?" எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை, உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை, செத்துப்போன கம்பெனியின் பெட்டியைப் பற்றிக் கேட்டாய். குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து உன்னைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, இனி அந்தப் பெட்டி இருக்கிற திசைக்கே போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்துகொண்டிருக்கிறதே. பெட்டியின் கடிகாரத்தைத் திருப்பலாம், அதைத் திருப்ப முடியாது. ஆறு பெண்களும் இயந்திரத்தைச் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். ஊதாத் துணி வெட்டி அடுக்கி வைத்திருந்தது.

முதல் தடங்கல் பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்ன நீ, அதை மட்டும் சொல்லாமல் அடிப்பாய். உன் பெயரைப் போட்டேன், இல்லை. உன் பிள்ளைகள் பெயர், இல்லை. நீ கும்பிடுகிற அந்தோணியாரும் இல்லை. ஒருவேளை என்று, சிரிக்காதே, என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் கூட இருந்திருக்கிறேன், அப்படி நினைக்க எனக்கு உரிமை இல்லையா? அதுவும் இல்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் பழைய பெயரைப் போட்டேன். திறந்தது. உன்னைத் திட்டிய திட்டு அக்காவுக்கே கேட்டிருக்கும், சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாட்ச்மேனைத் தூங்க வைத்தேன். கடிகாரத்தைத் திருப்பினேன். எழுப்பினேன். யாரோ தேதியை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி மறுபடி பூட்டிக்கொண்டது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதே. நடுவில் ஏதோ ஒரு படி இருக்கிறது, எனக்கு வரவில்லை. நான் படித்த படிப்பு, நடத்திய கடை, அதில் விற்று மாட்டிய சிசிடிவி கேமரா எதுவும் உதவவில்லை. நாற்காலியில் சாய்ந்து, உன் ராகத்தில் முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தேன். "மொதல்ல வாட்ச்மேனைத் தூங்க வெக்கறேன்... அப்புறம் கடிகாரத்தைத் திருப்பறேன்..."

பக்கத்தில் கவலையோடு நின்ற அக்கா, "ம்" என்றாள். "அப்புறம்?"

"அவன் தலைமாட்டுல சீட்டு வெச்சிருப்பான், அதைக் கிழிச்சிப் போடறேன்" என்று என் வாய் சொன்னது.

ஆமாம், சீட்டு. கடைசியாகப் பார்த்த தேதியை வாட்ச்மேன் ஓர் இடத்தில் குறித்து வைப்பான், அதை அழிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் நான் 'ம்' போட்டேன். அந்த 'ம்' இல்லாமல் எனக்கு அடுத்த வரி வரவில்லை. அது எங்கே இருக்கிறது, எதை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு நீ போனில் சொன்னபடியே விரலுக்குத் தானாக வந்தது. அழித்தேன். வாட்ச்மேனை எழுப்பினேன். அவன் எழுந்து, காலண்டரில் தொங்குகிற அந்த வருஷத்து ஜனவரியைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றான். திரையில் அக்காவின் கோதுமைக் கதிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் ஊதாத் துணியில் குத்த ஆரம்பித்தது. ஒரு பெண் கைதட்டினாள்.

எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வருஷா வருஷம் அப்படிப் போன் பண்ணினாயா, இல்லை பேச்சுத்துணைக்கா? உன் குணத்துக்குப் பேச்சுத்துணைக்காகத்தான் இருக்கும். ஆனாலும் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, பாச்சை உருண்டை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அடுத்த வருஷம்?" என்றாள் அக்கா.

"அதுக்குள்ள எல்லா டிசைனையும் புதுசுக்கு மாத்திடுவேங்க்கா."

"எனக்குத் தெரிஞ்ச நாளா நீ இதையேதான் சொல்ற."

அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதலிலிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்ல ஆரம்பித்தேன். நூல் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட எதுக்கும்மா இதெல்லாம்? நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று சலித்துக்கொண்டாள். "சும்மா கேளுக்கா" என்றேன். "நடுவுல 'ம்' மட்டும் போடு."

போட்டாள். வாட்ச்மேன், கடிகாரம், சீட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வேலை முடிந்ததும் நான்கு மூலையிலும் புது உருண்டை முடிந்து உறையைப் போட அக்காவிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன். வரும் வழியில் கடையில் நிறுத்தி அதை வாங்கியிருந்தேன், ஏன் வாங்கினேனென்று என்னைக் கேட்காதே. கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. "முடிஞ்சிடிச்சி, வை" என்று நீ சொல்வாயே, அது. அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன்.