முனியாண்டி வைத்த மரங்கள்

சனிக்கிழமை இரவு, புக்கிட் பெருவாங்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

இன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓராங் அஸ்லி பூர்வகுடி எழுத்தாளர் ஒருவர் தன் கதையை வாசித்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி. அறிவிப்பாளர் நான்தான். அவரும் சிம்பாங் அம்பாட் பக்கம் என்றதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் பிறந்த எஸ்டேட்டைப் பற்றி மைக்கில் அளந்தேன். ஆற்றோரம் நான்கு டுரியான் மரங்கள், யாரும் நடவில்லை, முனியாண்டி வைத்தது, முதல் பழம் அவருக்குத்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு வாசித்தார். அந்த ஆற்றோரம்தான் அவர்களுடைய கம்போங், அவர்கள் கிராமம். பிள்ளை பிறக்கும்போதெல்லாம் அவருடைய தாத்தா ஒரு டுரியான் நட்டார். நான்கு பிள்ளைகள். கடைசி மரம், எழுத்தாளரின் அப்பா பிறந்தபோது நட்டது. வெள்ளைக்காரன் அவர்களை விரட்டிவிட்டு, ரப்பர் பால்மரம் சீவ வேறு ஆட்களை இறக்கினான்.

அந்த வேறு ஆட்கள் நாங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவரே என்னிடம் வந்து மலாயில் கேட்டார்.

“இன்னும் காய்க்குதா?”

“காய்க்குது.”

“எது ரொம்ப இனிப்பு?”

யோசிக்காமல் சொன்னேன். “கடைசி மரம்.”

தலையசைத்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் எஸ்டேட்டிலிருந்து வந்த தம்பி காத்திருந்தான். “அக்கா, கடைசி மரத்துப் பழம் லா. உரிச்சு பிரிட்ஜ்ல வச்சிருக்கேன், எல்லாம் உனக்குத்தான்.”

இன்னும் தொடவில்லை. அறைக் கதவைச் சாத்தியும் வாசம் வருகிறது.