கோழிகளுக்கு வைத்த நெருப்புச் சட்டி

வடகவுஞ்சி
புதன், தை 8

மூன்று கோழிகளும் செத்துப்போயின. காலையில் சமையலறைக் கதவைத் திறந்தபோது நெருப்புச் சட்டியைச் சுற்றிப் படுத்த வாக்கிலேயே கிடந்தன. கடித்த தடம் இல்லை, ரத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் வந்து முதலில் ஜன்னலைத் திறந்தார். "கரிப்புகைடி. எல்லாத்தையும் இறுக்கி அடைச்சிட்டுக் கரியைப் பத்தவச்சா என்ன ஆகும்?"

மரநாய்க்குப் பயந்து மார்கழியிலிருந்தே கோழிகளை உள்ளே விட்டு, ஒரு இடுக்கு விடாமல் அடைக்கிறோம். ஆனால் அந்தச் சட்டி தினமும் மகள் செல்வியின் கட்டிலடியில்தான் இருக்கும். அவள் அறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. குளிர்காற்று வருகிறது என்று ஒரு மாதமாக இவரை நச்சரித்தேன். நேற்றுத்தான் புதுக் கண்ணாடி போட்டார். ராத்திரி வழக்கம்போலச் சட்டியோடு அவள் அறைக்குப் போனேன்.

"எனக்குத்தான் கம்பளி இருக்கே. கோழி பாவம்மா, அங்க கொண்டுபோய் வை" என்றாள். ஏழு வயதுப் பிள்ளை. விடவே இல்லை. எரிச்சலோடுதான் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மத்தியானம் இவர் அந்தப் புதுக் கண்ணாடியைக் கழற்றினார்.

செல்வி அழுதழுது இப்போதுதான் தூங்கினாள். "நான் சொன்னதாலதானே செத்துப்போச்சு?" என்று கேட்டபடியே இருந்தாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்றாள். கம்பளியை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னல் வழியாகக் காற்று விறைக்க விறைக்க வருகிறது. வரட்டும்.